ஷார்ஜாவுக்கு வராத அணி

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் ஷார்ஜா விளையாட்டரங்கில் மகளிர் இருபது ஓவர் உலகக் கோப்பைப் போட்டி தொடங்கிற்று. முதல் நாளில் இரண்டு ஆட்டங்கள். பகலில் வங்கதேசப் பெண்கள் ஸ்காட்லாந்தை 16 ஓட்ட வித்தியாசத்தில் வென்றனர். உலகக் கோப்பையில் அவர்கள் ஒரு வெற்றியைக் கண்டு பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அணித்தலைவி நிகார் சுல்தானாவுக்கு அது நூறாவது இருபது ஓவர் ஆட்டம். மாலையில் பாகிஸ்தான் இலங்கையை 31 ஓட்டங்களில் வென்றது. அன்று இருபத்திரண்டே வயதான அணித்தலைவி ஃபாத்திமா சனா 30 ஓட்டங்கள் எடுத்ததுடன் 2 விக்கெட்டுகளையும் வீழ்த்தி ஆட்ட நாயகியானார். ஒரே நாள், ஒரே மைதானம். முஸ்லிம் பெண்கள் இருவரின் தலைமையில் இரண்டு வெற்றிகள்.

அந்த வெற்றிகளைப் பாராட்ட ஏடுகள் பல இருந்தன. நாம் எழுத வந்தது அன்று அங்கே வராத ஓர் அணியைப் பற்றி.

ஆப்கானிஸ்தான் மகளிர் அணி அந்தப் போட்டியில் இல்லை. பத்து அணிகளுக்கு மட்டுமே இடமிருந்த போட்டி அது. இடம் கிடைக்காத நாடுகள் எத்தனையோ உண்டு. போட்டி எந்த மண்ணில் நடந்ததோ அந்த ஐக்கிய அரபு அமீரகத்தின் பெண்களே அதில் ஆடவில்லை. அவ்வாண்டு அபுதாபியில் நடந்த தகுதிச் சுற்றின் அரையிறுதியில் இலங்கையிடம் தோற்று, சொந்த ஊரில் நடந்த விழாவைப் பார்வையாளராக இருந்து பார்க்க வேண்டியவரானார்கள். அதில் இழிவு ஏதுமில்லை. ஆடினார்கள், தோற்றார்கள், அடுத்த முறை வருவார்கள். ஆப்கானியப் பெண்களுக்குத் தோற்கும் வாய்ப்புங்கூடத் தரப்படவில்லை. தகுதிச் சுற்றுக்கு அணியை அனுப்பவே அவர்களுடைய நாட்டில் ஆளில்லை. அணி என்ற ஒன்றே இல்லாதவாறு செய்யப்பட்டிருந்தது.

ஷார்ஜா என்ற பெயர் நம் வாசகர்களுக்கு அந்நியமானதன்று. கீழக்கரை முதல் காயல்பட்டினம் வரை, அந்த ஊருக்கோ துபாய்க்கோ பிழைக்கப் போன ஒருவர் இல்லாத தெருவைத் தேடித்தான் காண வேண்டும். 1984 ஏப்ரலில் ஆசியக் கோப்பையோடு தொடங்கிய அந்த மைதானத்தின் புகழ், வெள்ளிக்கிழமை விடுமுறையில் அங்கே திரண்ட தொழிலாளர் கூட்டத்தால் வளர்ந்த புகழ். பிற்காலத்தில் அந்த மைதானம் இன்னொரு கூட்டத்துக்கும் தாயகமாயிற்று. சொந்த நாட்டில் உலக அணிகளை அழைத்து ஆட இயலாத ஆப்கானிய ஆடவர் அணி, ஷார்ஜாவையே தன் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிவந்திருக்கிறது. மகளிர் உலகக் கோப்பை தொடங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புகூட, 2024 செப்டம்பரில், அதே புல்தரையில் தென்னாப்பிரிக்காவை ஒருநாள் ஆட்டத் தொடரில் முதன்முறையாக வென்று, தேசக் கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு வலம் வந்தார்கள் ஆப்கானிய இளைஞர்கள். அண்ணன் ஆடிவிட்டுப் போன மைதானத்துக்குத் தங்கை வரக்கூடாது. இதற்குச் சொல்லப்பட்ட காரணம் பணமில்லை என்பதா, திறமை இல்லை என்பதா? இரண்டுமன்று. இஸ்லாம் அனுமதிக்கவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. நம் பேச்சு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வோம். 2017 ஜூன் மாதம் சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் ஆப்கானிஸ்தானுக்கு முழு உறுப்பினர் தகுதியை வழங்கியது. முழு உறுப்பு நாடு பெண்கள் ஆட்டத்துக்கும் வழி செய்திருக்க வேண்டும் என்பது அந்தக் கவுன்சிலின் விதி. அந்த விதியை ஒட்டி, தாமதமாகவேனும், 2020 நவம்பரில் ஆப்கானியக் கிரிக்கெட் வாரியம் 25 பெண்களுக்கு ஒப்பந்தம் அளித்தது. ஓர் ஆண்டு நிறைவதற்குள், 2021 ஆகஸ்டு 15 அன்று, காபூல் தாலிபான் வசமாயிற்று. அடுத்த மாதமே அவர்களுடைய பண்பாட்டுக் குழுவின் துணைத் தலைவர் அஹ்மதுல்லா வாஸிக் ஓர் ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனத்துக்கு அளித்த பேட்டியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெண்கள் கிரிக்கெட் ஆடுவது தேவையற்றது. ஆட்டத்தில் முகமும் உடலும் மறைக்கப்படாத நிலை நேரும். அப்படிப் பெண்கள் பார்க்கப்படுவதை இஸ்லாம் அனுமதிக்காது. அவர் சொன்னதன் சாரம் இவ்வளவே. ஒப்பந்தம் பெற்றிருந்த பெண்கள் மட்டைகளையும் சீருடைகளையும் ஒளித்தும் எரித்தும், உயிருக்கு அஞ்சி எல்லை கடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இறுதியில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலும் கான்பெர்ராவிலும் போய்ச் சேர்ந்தார்கள்.

இனி அந்தத் தீர்ப்பைப் பார்ப்போம்.

முதலாவது உடை பற்றியது. கிரிக்கெட்டைப் பார்த்த எவரும் இதைக் கேட்டு வியப்படைவர். உலக விளையாட்டுகளிலேயே ஆடுவோரைத் தலை முதல் கால் வரை ஏறக்குறைய மூடிவைக்கும் ஆட்டம் கிரிக்கெட். நீண்ட காற்சட்டை, சட்டை, தொப்பி. மட்டை பிடிப்பவருக்குத் தலைக்கவசம், கையுறை, காலில் காப்பு. முழுக்கைச் சட்டை அணிவதை யாரும் தடுப்பதில்லை. தலைத்துணியையும் எவரும் தடுக்கவில்லை. ஸ்காட்லாந்து அணியில் இடம்பெற்று ஷார்ஜாவுக்கு வந்த சுழற்பந்து வீச்சாளர் அப்தஹா மக்ஸூத், கிளாஸ்கோவில் பிறந்த முஸ்லிம் பெண். ஹிஜாப் அணிந்தே பந்து வீசுபவர். கிறிஸ்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த ஒரு நாட்டின் அணியில் தலைத்துணியோடு ஒரு முஸ்லிம் பெண் ஆடுகிறார். தலைத்துணியைக் கட்டாயமாக்கிய நாட்டின் பெண்ணோ அதை அணிந்துகொண்டும் ஆட முடியாது. அப்படியானால் துணிதான் வழக்கு என்று இனியும் நம்பச் சொல்கிறார்களா?

இரண்டாவது, தேவையற்றது என்ற சொல். ஆடவர் கிரிக்கெட் மட்டும் மார்க்கத்தின் எந்தக் கடமையில் சேர்ந்தது? ஐந்து கடமைகளில் அதுவும் ஒன்று என்று எந்த மத்ஹபின் நூலிலாவது உண்டா? 2024 ஜூன் மாதம் ஆடவர் அணி ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்து உலகக் கோப்பையின் அரையிறுதிக்குள் நுழைந்தபோது, ஆப்கானிய நகரங்களின் வீதிகள் நிரம்பி வழிந்தன. தாலிபான் ஆட்சியினரும் வாழ்த்துச் சொன்னார்கள். அதை நாம் குறைகூறவில்லை. நாற்பதாண்டுப் போரில் நொந்த மக்களுக்கு அந்த மகிழ்ச்சி தேவைதான். அதே மண்ணில் பிறந்து, அதே போரில் நொந்த பெண்ணுக்கு மட்டும் மகிழ்ச்சி தேவையற்றதாகிவிட்டது எப்படி என்றே கேட்கிறோம்.

பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லத்திலிருந்தே இதற்கு விடை எடுக்கலாம். பயணம் ஒன்றில் பெருமானார் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்ததும், அதில் அன்னையார் முந்தியதும், பின்னொரு பயணத்தில் பெருமானார் முந்தி, முன்னதற்கு இது ஈடாயிற்று என்று பொருள்படச் சொல்லி நகைத்ததும் அபூதாவூத் தொகுப்பில் பதிவான செய்தி. பெருநாளன்று அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, பெருமானார் தம் மேலாடையால் மறைப்புக் கொடுத்து அன்னையாரைப் பார்க்கச் செய்ததும், அன்னையார் தாமாகவே சலித்து விலகும்வரை பெருமானார் நகராமல் நின்றதும் புகாரியில் உண்டு. சலிக்கும்வரை நின்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். போதும் வா என்று அழைக்கவில்லை. இது பெண்ணுக்குத் தேவையற்றது என்று சொல்லவில்லை. ஓர் இளம்பெண்ணின் விளையாட்டு ஆசைக்கு உலகத்தின் அருட்கொடையாக வந்த நபி அவ்வளவு நேரத்தை ஒதுக்கினார்கள். உஹதுக் களத்தில் வாளேந்திப் பெருமானாரைக் காத்து நின்ற உம்மு உமாரா (ரலி), ஸவ்ர் குகைக்கு உணவு சுமந்து சென்ற அஸ்மா (ரலி) ஆகியோரின் உடல் வலிமையை வியந்து பாடும் சமுதாயம் நம்முடையது. அந்த வலிமை பயிற்சியின்றி வானத்திலிருந்து இறங்கியதா?

நம் எதிர்த்தரப்பு நண்பர்கள் உடனே ஒன்று சொல்வார்கள். ஓட்டப் பந்தயத்துக்கு முன் பெருமானார் கூட வந்தவர்களை முன்னே போகச் சொன்னார்களே, அந்நிய ஆடவர் பார்வையில் அது நடக்கவில்லையே என்பார்கள். உண்மை, அந்தச் செய்தியில் அதுவும் இருக்கிறது. பல்லாயிரம் பேர் பார்க்க, படக்கருவிகள் சூழ, பெண் ஆடுவது தகுமா என்பது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கண்ணியமாக விவாதிக்கத்தக்க வேறுபாடு அது. பார்வையாளர் யார், உடை எது, படம் எங்கே என்றெல்லாம் நிபந்தனை விதிக்க விரும்புவோர் விதிக்கட்டும். ஆனால் காபூலில் நடந்தது நிபந்தனை விதிப்பா? பெண்கள் மட்டும் சென்றுவந்த உடற்பயிற்சிக் கூடங்களை 2022 நவம்பரில் மூடினார்கள். பெண்களுக்கென்று தனி நாட்கள் ஒதுக்கியிருந்த பூங்காக்களின் வாயிலையும் அதே மாதம் அடைத்தார்கள். நான்கு சுவருக்குள், பெண் பயிற்சியாளர் முன்னிலையில், ஆண் வாடையே படாமல் ஒரு பெண் பந்து வீசலாம் என்றொரு ஏற்பாட்டை அவர்கள் அறிவித்திருந்தால், மறைவின் பெயரால் வாதாடும் நண்பர்களுக்குப் பேச ஏதேனும் இருந்திருக்கும். அப்படியொன்று இல்லை. மறைவு காக்கப்படுவதை அவர்கள் தேடவில்லை. பெண் வெளியே வருவதையே தடுத்தார்கள்.

இதைக் கிரிக்கெட்டோடு மட்டும் வைத்துப் பார்க்க முடியாது. 2021 செப்டம்பரில் ஆடவர் பள்ளிகள் திறந்தபோது, உயர்நிலை வகுப்புகளின் பெண்பிள்ளைகள் வீட்டிலேயே நிறுத்தப்பட்டார்கள். 2022 மார்ச் 23 அன்று பள்ளி திறக்கும் என்று நம்பிப் புத்தகப் பையோடு வந்தவர்களை அன்று காலையிலேயே திருப்பி அனுப்பினார்கள். 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் சாத்தப்பட்டது. அப்போது அல்அஸ்ஹரின் பேரிமாம் ஷைகு அஹ்மது தய்யிப் அவர்கள் இந்தத் தடை ஷரீஅத்துக்கு முரணானது என்று பகிரங்கமாக அறிக்கை விடுத்தார். ஆயிரம் ஆண்டு மரபுடைய கலாபீடத்தின் தலைவர் சொன்னது அது. லண்டன் பத்திரிகைக்காரர் சொன்னதன்று. 2024 ஆகஸ்டில் வெளியிட்ட சட்டத்தில் பொது இடத்தில் பெண்ணின் குரலுமே மறைக்க வேண்டியதாக வகுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான ஹதீஸ்களை மாந்தர்க்கு எடுத்துரைத்தது அன்னை ஆயிஷாவின் குரல். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் அந்த ஹதீஸ்களை எந்தக் குரல் வழியே பெற்றார்களோ, நமக்குத் தெரியவில்லை.

2024 டிசம்பரில் பெண்களின் மருத்துவப் பயிற்சியும் நிறுத்தப்பட்டபோது, ஆடவர் அணியின் ராஷித் கானும் முஹம்மது நபியும் வாய் திறந்தார்கள். கல்வி இஸ்லாத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்ற அடிப்படையில் ராஷித் கான் எழுதியதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்; குடும்பம் நாட்டில் இருக்க அப்படி எழுதுவதற்குத் துணிவு வேண்டும். ஆயினும் 2023 ஜனவரியில் பெண்களின் நிலையைக் காரணம் காட்டி ஆஸ்திரேலியா ஒரு தொடரிலிருந்து விலகியபோது, அந்நாட்டின் போட்டிகளில் இனி ஆடுவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று சினந்தவரும், விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்றவரும் அவரே. தங்கள் ஆட்டம் நின்றபோது வந்த சினத்தில் ஒரு பங்காவது, தங்கைமார் ஆட்டம் நின்றபோது வந்திருக்கலாம்.

இதெல்லாம் மேற்கின் சூழ்ச்சி என்பார் உளர். ஆப்கானியக் கிராமங்கள் மீது இருபதாண்டு குண்டு பொழிந்தவர்கள் இன்று ஆப்கானியப் பெண்ணின் மட்டைக்காகக் கண்ணீர் விடுவது நமக்கும் கசக்கத்தான் செய்கிறது. கல்யாண வீட்டில் குண்டு விழுந்தபோது வராத கண்ணீர் அது. ஆனால் முஸ்லிம் பெண் கிரிக்கெட் ஆடியது மேற்கு சொல்லித்தந்த பாடம் என்பது வரலாறு அறியாதார் கூற்று. கராச்சியின் சகோதரிகள் ஷாயிஸா கானும் ஷர்மீன் கானும் பாகிஸ்தானில் பெண்கள் அணியை உருவாக்கப் புறப்பட்டபோது வழக்குகளும் கொலை மிரட்டல்களும் வந்தன. 1997 ஜனவரியில் நியூஸிலாந்து சென்று முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடினார்கள். பெருந்தோல்விதான். ஏழாண்டுகளுக்குப் பின், 2004-இல் கராச்சியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்டில் கிரண் பலூச் 242 ஓட்டங்கள் குவித்தார். அதே ஆட்டத்தில் ஷாயிஸா 13 விக்கெட்டுகள் எடுத்தார். இரண்டுமே அன்று உலகச் சாதனைகள். ஷர்மீன் 2018-இல் மறைந்தார். இறைவன் அவருக்கு அருள் செய்வானாக. அவர்கள் மூட்டிய அடுப்பில்தான் ஸனா மீர் தலைமையில் 2010-இலும் 2014-இலும் ஆசிய விளையாட்டுகளின் தங்கப் பதக்கங்கள் வெந்தன. வங்கதேசப் பெண்கள் 2018 ஜூன் 10 அன்று கோலாலம்பூரில் இந்தியாவைக் கடைசிப் பந்தில் வென்று ஆசியக் கோப்பையை எடுத்தபோது ரமளான் மாதம் நடந்துகொண்டிருந்தது. அந்த ஆட்டத்தை நடத்திய மலேசியாவும் முஸ்லிம் நாடு. இவர்களில் யார் மேற்கின் கைப்பாவை?

ஷார்ஜாவில் வென்ற ஃபாத்திமா சனாவை மீண்டும் நினைவூட்ட வேண்டும். போட்டியின் நடுவில் அவருடைய தந்தை காலமான செய்தி வந்தது. கராச்சிக்குப் பறந்தார், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தில் இல்லை. அக்டோபர் 14 அன்று நியூஸிலாந்துக்கு எதிரான ஆட்டத்துக்குத் திரும்பி வந்து, தேசிய கீதம் ஒலிக்கையில் கண்ணீரோடு நின்றார். அன்று பாகிஸ்தான் 56 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அதில் 21 ஓட்டங்கள் அவருடையவை. வெற்றிக் கதையன்று. தந்தையை அடக்கம் செய்த வீட்டிலிருந்து கடமைக்குத் திரும்பிய ஒரு முஸ்லிம் மகளின் கதை. இவரைப் பார்த்து, இஸ்லாம் இதை அனுமதிக்காது என்று சொல்லும் நா எப்படி எழுகிறது?

இது இவ்வாறிருக்க, கிரிக்கெட் கவுன்சிலின் கதை வேறு விதம். அதன் தலைமையகம் துபாயில் இருக்கிறது. 2024 அக்டோபர் 20 அன்று நியூஸிலாந்து தென்னாப்பிரிக்காவை 32 ஓட்டங்களில் வென்று கோப்பையைப் பெற்ற துபாய் மைதானம், அந்த அலுவலகத்துக்கு அண்டை வீடு. அந்தப் போட்டியில்தான் ஆடவர்க்கும் மகளிர்க்கும் சமமான பரிசுத் தொகை என்று கவுன்சில் முரசறைந்தது. வென்ற அணிக்கு 23.4 லட்சம் டாலர். நல்ல செய்தி, வரவேற்போம். ஆயின் பன்னிரண்டு முழு உறுப்பு நாடுகளில் ஒன்றில் பெண் மட்டையைத் தொடவே முடியாது. அந்த நாட்டு வாரியத்துக்கு ஆண்டுதோறும் கோடி டாலருக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. இந்தச் சமத்துவம் எந்தக் கணக்கில் சேரும்?

அரசு தலையிட்டது, வாரியம் என்ன செய்யும் என்று கவுன்சில் இரங்குகிறது. அரசுத் தலையீட்டை அது எப்போதும் இப்படித்தான் இரங்கிப் பார்த்ததா? 2019 ஜூலையில் ஸிம்பாப்வேயை அதே குற்றத்துக்காக நீக்கிவைத்தது. 2023 நவம்பரில் இலங்கை அரசு வாரியத்தைக் கலைக்க முற்பட்டதும் சில நாட்களுக்குள் இலங்கையின் உறுப்புரிமையை நிறுத்திவைத்து, 2024 ஜனவரியில்தான் திருப்பித் தந்தது. வாரியத்தின் நாற்காலிகளைத் தொட்டால் விதி விழித்துக்கொள்கிறது. நாட்டின் பெண்கள் அத்தனை பேரையும் ஆட்டத்திலிருந்து துரத்தினால் விதி உறங்குகிறது. 2022-இல் கவுன்சிலின் குழு ஒன்று தோஹாவில் தாலிபான் பிரதிநிதியைச் சந்தித்து, பெண்கள் கிரிக்கெட்டுக்குக் கொள்கை அளவில் ஆதரவு உண்டு என்ற சொல்லைப் பெற்று வந்தது. கொள்கை அளவு என்ற அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே ஆண்டுகளைக் கடத்தினார்கள்.

ஆஸ்திரேலியாவின் மனச்சான்றும் அளவு பார்த்தே வேலை செய்கிறது. இரு நாட்டுத் தொடர் என்றால் ஆப்கானிஸ்தானோடு ஆடமாட்டோம். உலகக் கோப்பை என்றால் ஆடுவோம். அங்கே புள்ளி போய்விடுமே! இங்கிலாந்தில் 160-க்கு மேற்பட்ட நாடாளுமன்றப் பிரதிநிதிகள் ஆடவேண்டாம் என்று கடிதம் எழுதினார்கள். 2025 பிப்ரவரி 26 அன்று லாகூரில் இங்கிலாந்து ஆடத்தான் செய்தது, 8 ஓட்டங்களில் தோற்கவும் செய்தது.

ஆடவர் அணியைத் தள்ளிவைப்பதே வழி என்று சிலர் வாதிடுகிறார்கள். நிறவெறிக்காகத் தென்னாப்பிரிக்காவை 1970 முதல் இரு பத்தாண்டுகள் ஒதுக்கிவைத்ததைச் சான்று காட்டுகிறார்கள். நமக்கு அதில் உடன்பாடில்லை. தென்னாப்பிரிக்க அணி நிறவெறி அரசின் செல்லப்பிள்ளை; வெள்ளையருக்கு மட்டுமே அதில் இடம். ஆப்கானிய ஆடவர் கிரிக்கெட்டோ பாகிஸ்தானின் அகதி முகாம்களில் புழுதியில் முளைத்தது. அதை வேரறுத்தால் காபூலின் ஆட்சியாளருக்கு ஒரு நட்டமும் இல்லை. ஏழை வீட்டுச் சிறுவனுக்கு எஞ்சிய ஒரே களிப்பும் போகும், அவன் தங்கைக்கு எதுவும் கிடைக்காது.

செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வாழும் ஆப்கானிய வீராங்கனைகள் 2024-இல் கவுன்சிலுக்கு எழுதிய கடிதத்தில் தங்களை ஓர் அகதி அணியாக அமைத்துத் தருமாறு கேட்டார்கள். ஆப்கானிஸ்தான் என்ற பெயரைக்கூட அவர்கள் கோரவில்லை, அத்துணை அடக்கம். 2025 ஜனவரி 30 அன்று மெல்போர்னின் ஜங்ஷன் ஓவல் மைதானத்தில், நஹீதா ஸபன் தலைமையில், ஆப்கானிய மகளிர் பதினொருவர் முதன்முறையாக ஒன்றுசேர்ந்து களமிறங்கினார்கள். எல்லைகளற்ற கிரிக்கெட் என்ற அணியோடு ஒரு காட்சி ஆட்டம். நாட்டை விட்டோடி மூன்றாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. தோற்றார்கள். அந்தத் தோல்விக்காக எத்தனை காலம் காத்திருந்தார்கள்! அவ்வாண்டு ஏப்ரலில் இந்திய, இங்கிலாந்து, ஆஸ்திரேலிய வாரியங்களோடு சேர்ந்து அவர்களுக்கு நிதியும் பயிற்சியும் தருவதாகக் கவுன்சில் அறிவித்தது. தரட்டும். ஆனால் பயிற்சி பெற்றவர் எந்தக் கொடியின் கீழ், எந்தப் போட்டியில் ஆடுவது என்ற கேள்விக்கு அந்த அறிவிப்பில் விடை இல்லை.

கால்பந்து உலகம் அந்த விடையைச் சொல்லத் தொடங்கிவிட்டது. ஃபிஃபா 2025-இல் ஆப்கானிய அகதிப் பெண்களின் அணியை அமைத்து, அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் மொராக்கோவில் சாடு, துனீசியா, லிபியா நாட்டு அணிகளோடு ஆடவைத்தது. முதல் இரண்டிலும் தோற்று, லிபியாவை 7-0 என்று வென்றார்கள். விருந்தளித்தது மொராக்கோ, எதிரே நின்றவை துனீசியாவும் லிபியாவும். அத்தனையும் முஸ்லிம் நாடுகள். தாலிபானின் தீர்ப்பு இஸ்லாத்தின் தீர்ப்பு என்றால் அந்த நாடுகளின் உலமாக்கள் எந்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள்?

நம் தமிழ் முஸ்லிம் சமுதாயத்தின் ஏடுகளும் மேடைகளும் இது பற்றிப் பேசத் தயங்குவதைக் காண்கிறோம். பேசினால் மேற்கின் பக்கம் சாய்ந்தவர் என்ற பழி வருமோ என்ற அச்சம். பெண் விளையாட்டுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று ஜமாஅத்தில் முணுமுணுப்பு எழுமோ என்ற கலக்கம். பாலஸ்தீனத்துக்காக எழும் குரல் காபூலுக்காக எழக்கூடாது என்று யார் விதித்தது? தாலிபானின் தவற்றை லண்டன் நாடாளுமன்றம் கண்டித்தால் உலகம் அதை மேற்குக்கும் இஸ்லாத்துக்கும் வழக்காக எழுதிக்கொள்ளும். தீனின் பெயரால் சொன்ன பொய்யைத் தீனின் மக்களே மறுத்தால் அப்படி எழுத இடமிருக்காது. பேரிமாம் பேசிவிட்டார். அந்த அறிக்கையைத் தமிழாக்கி வெள்ளிக்கிழமைக் குத்பாவில் வாசிக்க ஓர் ஐந்து நிமிடம் போதுமே.

நம் கோரிக்கைகள் சிறியவை. மெல்போர்னிலும் கான்பெர்ராவிலும் உள்ள அந்தப் பெண்களை ஆப்கானிஸ்தானின் மகளிர் அணியாகக் கவுன்சில் பதிவு செய்ய வேண்டும். ஆப்கானிய வாரியத்துக்குப் போகும் பணத்தில் பெண்களுக்குரிய பங்கைப் பிரித்து நேரே அந்த அணிக்குத் தர வேண்டும். மகளிர் இருபது ஓவர் உலகக் கோப்பை 2026-இல் இங்கிலாந்தில் பன்னிரண்டு அணிகளோடு என்று விரிவாக்கப்பட்டபோதும் தகுதிச் சுற்றின் எந்தப் படியிலும் இவர்கள் பெயர் இல்லை. அதற்கடுத்த போட்டியின் தகுதிச் சுற்றிலாவது ஆசியப் பிரிவில் அவர்களுக்கு ஓர் இடம் எழுதப்பட வேண்டும். அந்தத் தகுதிச் சுற்றை நடத்த இடம் தேடி அலைய வேண்டியதில்லை. கோலாலம்பூர் இருக்கிறது, அபுதாபி இருக்கிறது, அண்ணன்மார் சொந்த வீடாகக் கொண்ட ஷார்ஜாவும் இருக்கிறது.